நான் பார்க்கும்முன் விழுந்த கல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, ஜுலைகாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருக்கிறாள். பச்சைப் புல்வெளி, அதன் நடுவே ஸ்டோன்ஹெஞ்ச் என்று ஆதிகாலத்தில் யாரோ வட்டமாக நட்டுவைத்த ராட்சசக் கற்கள், அவற்றுக்கு முன்னால் ஜுலைகா. ஊதா நிறத்தில் மழைக்கோட்டு, தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப், கையில் காகித டம்ளரில் காபி. கீழே எழுதியிருந்தாள்: "நம்ம கல்லு ஞாபகம் வந்துச்சுடி. இதைவிட அழகா இருந்துச்சு இல்ல?"

பால் பொங்கி வழிந்துவிட்டது. சிநேகிதியின் நினைவில் உருகி நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் அடுப்பை மறந்துவிட்டேன். மழைக்கோட்டைப் பார்த்து எரிந்தது. வெளிநாட்டில் ஒரு மகள் இருப்பதை நினைத்து எரிந்தது. ஸ்கார்ஃபுக்கு வெளியே நெற்றியில் நாலு நரைமுடி எட்டிப் பார்த்தது, அதுவும் அவளுக்கு எடுப்பாகவே இருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. இந்த வயதில் மூட்டுவலி வரும், சர்க்கரை வரும் என்றெல்லாம் டாக்டர் எச்சரித்தார். பொறாமை இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட அந்த 'நம்ம கல்லு'தான் குத்தியது. அது எப்படி நம்ம கல் ஆகும்? அவள் பார்த்த கல் அது. தொட்ட கல். நான் அதை நிற்கும்போது பார்த்ததே இல்லை. மூன்று நாள் பதில் போடவில்லை. படித்துவிட்டேன் என்பதற்கான நீலக்கோடுகள் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தலைக்குச் சாயம் பூச உட்கார்ந்தேன். (அந்த நாலு நரைமுடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?) அமோனியா இல்லாதது என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். திறந்தால் குப்பென்று அதே நெடி. கண்ணை மூடிக்கொண்டேன். இளவயதில் நானும் ஜுலைகாவும் வேலை பார்த்த தி.நகர் ஆபீஸின் பிரிண்ட் அறை நினைவுக்கு வந்துவிட்டது.

இப்போது வரைபடம் என்றால் பொத்தானை அமுக்கினால் வந்து விழுகிறது. அப்போது அப்படியில்லை. டிரேசிங் ஷீட்டில் மையால் வரைந்ததை ஒரு மஞ்சள் தாளின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, பிறகு அந்தத் தாளை அமோனியா ஆவி பிடிக்கும் பெட்டிக்குள் விடுவோம். கொஞ்ச நேரத்தில் கோடுகள் நீலமாகத் தெளிந்து வரும். ஜன்னல் இல்லாத சின்ன அறை. உள்ளே போனவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். அழவேண்டியிருந்தால் அங்கே போய் அழலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஆபீஸ், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே நாள் முழுவதும் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டும் மெஷின் டர்ர் டர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கும். மேலே எங்கள் எஞ்சினியர் சார், அளவெடுக்கிற ஏழுமலை, எதிரெதிரே இரண்டு டிராயிங் போர்டுகளில் நானும் ஜுலைகாவும். நான் மயிலாப்பூர். அவள் திருவல்லிக்கேணி, மசூதிக்குப் பக்கத்துத் தெரு. அவள் அப்பா புத்தகம் பைண்டிங் செய்பவர். நான் அங்கே சேர்ந்து நாலு மாதம் கழித்துத்தான் அவள் வந்தாள். நாலு மாதம் சீனியர் என்ற எண்ணம் எனக்கு இருந்தது, வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

நிலத்தை மனைகளாகப் பிரித்து லே-அவுட் வரைந்து கொடுப்பதுதான் ஆபீஸின் வேலை. முதலில் ஒருவர் பென்சிலில் வரைவார். அதன் மேல் டிரேசிங் ஷீட்டை விரித்து மையால் நகல் எடுத்து அனுமதிக்கு அனுப்புவோம். மை தப்பாக விழுந்தால் பிளேடால் மெல்லச் சுரண்டவேண்டும், அழுத்தினால் தாள் ஓட்டையாகிவிடும். ஷீட்டின் வலது கீழ் மூலையில் சின்னதாக இரண்டு கட்டங்கள் உண்டு. மேல் கட்டம் 'வரைந்தவர்'. கீழ்க் கட்டம் 'நகல் எடுத்தவர்'. அவரவர் இனிஷியலைப் போடவேண்டும். தீப்பெட்டியில் பாதிகூட இராது அந்தக் கட்டம். அதற்காக நான் எத்தனை நாள் வெந்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஜுலைகா வந்த ஆறே மாதத்தில் பெரிய ஷீட் என்றால் மேல் கட்டம் அவளுடையது, கீழ்க் கட்டம் என்னுடையது என்று ஆகிவிட்டது. அவள் கோடு மயிரிழை பிசகாது. எழுத்து அச்சு மாதிரி. எஞ்சினியர் சார் வாடிக்கையாளர் முன்னால் அவள் ஷீட்டைத்தான் விரிப்பார். "இதைப் பாருங்க, கையால எழுதினது" என்பார். நான் எழுதியது மட்டும் காலாலா?

ஆனால் அவளை எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் என் வத்தக்குழம்பு சாதத்தில் பாதி அவளுக்குப் போகும். அவள் எனக்காகத் தனியாக ஒரு டப்பாவில் தேங்காய் போளி கொண்டுவருவாள். சாயங்காலம் பனகல் பூங்கா வரை பேசிக்கொண்டே நடப்போம். பேசி முடித்து ஆளுக்கொரு பஸ் ஏறினதும், அவள் இன்று என்ன புடவை, அதை எங்கே வாங்கியிருப்பாள் என்று நான் வயிறு எரிய ஆரம்பித்துவிடுவேன். இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்துகொள்ளவில்லை.

ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டார். தாம்பரம் தாண்டி ஒரு பெரிய நிலம் லே-அவுட்டுக்கு வந்திருந்தது. "ஏம்மா, வரையறவங்க ஒருதரம் நிலத்தை நேர்ல பார்த்தா நல்லது. நாளைக்கு எங்ககூட சைட்டுக்கு வர்றியா?" என்றார். என்னைத்தான் முதலில் கேட்டார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"எங்காத்துல விடமாட்டா சார். அம்மா சத்தம் போடுவா" என்றேன்.

நான் வாய் மூடுவதற்குள் எதிர் போர்டிலிருந்து, "நான் வர்றேன் சார்" என்று குரல் வந்தது.

மறுநாள் அவள் அப்பாவே பஸ் நிலையம் வரை வந்து, வெயிலாக இருக்கும் என்று ஒரு கறுப்புக் குடையைக் கையில் கொடுத்து வழியனுப்பினாராம். அந்தக் குடையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். குடை கொடுத்து அனுப்பும் வீடும் ஒன்று இருக்கிறதே என்று.

சாயங்காலம் திரும்பி வந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. செருப்பெல்லாம் செம்மண். கைக்குட்டையில் உடைந்த பானையின் ஓடு ஒன்றை முடிந்து வைத்திருந்தாள், உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு.

"ரெண்டு ஆள் உசரம்டி. ஒத்தைக் கல்லு. நிலத்துக்கு நட்டநடுவுல நிக்குது. தானா நிக்கிற பாறை இல்ல, யாரோ தூக்கிக் கொண்டாந்து நட்டிருக்காங்க. சுத்தி வட்டமா சின்னக் கல்லுங்க, பாதி மண்ணுக்குள்ள. நான் கையை வச்சுப் பார்த்தேன். வெயில் பக்கம் கொதிக்குது, அந்தப் பக்கம் சில்லுனு இருக்கு."

"பாறையா இருக்கும்" என்றேன் நான். பார்க்காமலே.

ஏழுமலை விடவில்லை. பட்டினப்பாக்கத்துக்காரர், பெரிய சாட்சி. "பாறை இல்ல மேடம், கல்லுதான் கீது. ஊர்க்காரங்கோ அத்தக் கிட்டப் போய்த் தொடக்கூட மாட்டாங்கோ. இந்தம்மா இன்னா பண்ச்சு தெர்மா? கட்டிப் புட்ச்சிக்கினு நிக்குது. எனக்கே பேஜாராப் பூட்ச்சு."

சார் சிரித்தார். எல்லாரும் அவள் போர்டைச் சுற்றி நின்றார்கள். கீழேயிருந்து பாத்திரக் கடைக்காரர்கூட மேலே ஏறி வந்து பானை ஓட்டைத் தடவிப் பார்த்தார். அவள் அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அந்தக் கல்லை வரைந்திருந்தாள். கிழக்கே கொஞ்சம் சாய்ந்து, உச்சியில் ஒரு மூக்கோடு, மேலெல்லாம் திட்டுத் திட்டாகப் பாசி படிந்து நின்றது. பக்கத்தில் அளவு தெரியட்டும் என்று குடையோடு ஏழுமலை. படம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுத முடியாது. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியாது. வெயிலில் முகம் கறுத்துவிடும், முள் குத்தும், ஆம்பிளைகளோடு ஜீப்பில் எப்படி உட்காருவது என்று எனக்கே பயம். அந்தப் பயத்தை அம்மாவின் தலையில் கட்டிவிட்டேன். அதனால் அந்தக் கல்லைப் பற்றி யார் பேசினாலும், என் கையிலிருந்து அதை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. முதலில் என்னைத்தானே கேட்டார்!

ஜுலைகா அத்தோடு நின்றாளா? பானை ஓட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் போனாள். அவர் வீடு எங்கே என்கிறீர்கள்? மயிலாப்பூரில், எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. தினமும் கோயில் குளத்தைச் சுற்றி நடப்பவர், நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவர் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாராம். நெடுங்கல் என்று பெயராம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே இருக்குமாம். இறந்துபோன ஒரு பெரிய மனிதருக்காக ஊரே சேர்ந்து இழுத்துவந்து நட்டது, அடியிலோ பக்கத்திலோ தாழியும் எலும்பும் இருக்கலாம் என்றாராம். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவள் அந்த வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீதான் பாறைன்னு சொல்லிட்டியேடி. ஞாயித்துக்கிழமை வா, நானே உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்றேன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்றேன். ஒரு வேலையும் இல்லை. அந்த ஞாயிறு முழுக்க மொட்டை மாடியில் வடாம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லே-அவுட்டில் ஒரு பகுதியைப் பூங்காவுக்கென்று விடவேண்டும் என்பது விதி. எங்கே விடுவது என்பதற்கு விதியை விடப் பலமான வழக்கம் ஒன்று உண்டு. நிலத்தில் எது தாழ்ந்த மூலையோ, மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்குமோ, அதுதான் பூங்கா. அங்கே யாரும் மனை வாங்கமாட்டார்கள் அல்லவா? நிலத்தை விற்கிறவர்கள் எல்லாருக்கும் இது அத்துப்படி. எங்களுக்கும்தான். நான் போட்ட முதல் பென்சில் ஷீட்டில் பூங்கா தென்மேற்கு மூலையில், தாழ்ந்த இடத்தில் கிடந்தது. கல் நின்ற இடத்தில் நாற்பத்தேழாம் மனை. கல்லை நான் குறிக்கவே இல்லை.

ஜுலைகா இன்னொரு ஷீட் போட்டாள். நடுவில் கல், அதைச் சுற்றிப் பூங்கா, பூங்காவைச் சுற்றிச் சாலை, பிறகுதான் மனைகள். மனைக் கணக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. எப்படித்தான் இழுத்துப் பிடித்தாளோ. கல்லுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். இவள் அந்தச் சின்ன இடத்தில் கல்லையே வரைந்திருந்தாள், மூக்கும் பாசியுமாக. சார் ரொம்ப நேரம் பார்த்தார். "விக்கறவர் முணுமுணுப்பார். ஆனா நடுவுல பூங்கான்னா மனைக்கும் மவுசுதான். இதையே அனுப்பிடலாம்" என்றார். அந்தத் தீர்ப்பை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேல் கட்டம் அவளுடையது. கீழ்க் கட்டம் என்னுடையது.

அந்தச் சமயத்தில் அவள் அக்காவுக்கு நிக்காஹ். பத்து நாள் லீவு. ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி மண்டபத்துக்கு நானும் அம்மாவும் போனோம். எங்களுக்கென்று தனியாக ஒரு மேஜை போட்டு, மயிலாப்பூர்ச் சைவ ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்து, தலைவாழை இலையில் பரிமாறச் சொல்லியிருந்தாள். அவளே வந்து என் புறங்கையில் அத்தர் தடவினாள். அப்புறம் அம்மாவை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். என்னிடம் அம்மா அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று, அங்கே உட்கார்ந்துகொண்டு, அவள் போட்ட பாயசத்தைச் சாப்பிட்டுக்கொண்டே நான் கணக்குப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "தங்கமான பொண்ணுடி அது" என்றாள். நான் புறங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நிலத்தை விற்கிறவர் காலையிலேயே வந்து சாரின் அறையில் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கே அனுமதிக்குப் போகவேண்டும், நகல் ரெடியா, ரெடியா என்று சார் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். என் போர்டில் இரண்டு பென்சில் ஷீட்டுகளும் இருந்தன. எதை எடுக்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கை மாறிப்போச்சு, அவசரம், கவனிக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் பொய். ஜுலைகாவின் ஷீட்டை எடுத்துச் சுருட்டிக் கீழே வைத்தேன். என்னுடையதை விரித்து மையைத் தொட்டேன். ஏழு மணி நேரம். கையில் அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. நாற்பத்தேழாம் மனைக்கு நாலு பக்கமும் போட்ட கோட்டில் மயிரிழை பிசகு இல்லை. கடைசியில் இரண்டு கட்டங்களிலும் என் இனிஷியலைப் போட்டேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை.

சார் அவசரத்தில், விரித்துப் பார்க்காமல், நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். விற்கிறவர் ஷீட்டைப் பார்த்தார், சந்தோஷமாகச் சுருட்டிக்கொண்டார். சாயங்காலம் நான் ஜுலைகாவின் ஷீட்டை என் குடைப்பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் தேடக்கூடாது அல்லவா?

அவள் திரும்பி வருவதற்குள் விற்கிறவர் ஓடியாடி அனுமதி வாங்கிவிட்டார். பிரிண்டுகள் எடுக்கப்பட்டு மேஜையில் அடுக்கியிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். சார் வந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா, நடுவுல பூங்காவைக் காணோம்? இது எப்படிப் போச்சு?" என்றார் என்னைப் பார்த்து. நான் கழுவின பேனாவையே மறுபடி கழுவினேன்.

ஜுலைகாதான் முந்திக்கொண்டாள். "அந்த ஆளு மாத்தச் சொல்லியிருப்பார் சார். மூலையிலதான் பூங்கா வேணும்னு நச்சரிச்சிருப்பார். பாவம், இவ என்ன பண்ணுவா?"

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். வந்துவிட்ட அனுமதியை மாற்றுவதென்றால் மாதக்கணக்கில் ஆகும், விற்கிறவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். அவள் கெஞ்சினாள். நாற்பத்தேழாம் மனையை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள் என்றாள். தன் பென்சில் ஷீட் எங்கே என்று போர்டுக்கு அடியிலெல்லாம் தேடினாள். நானும் கூடவே குனிந்து தேடினேன்! பிறகு பிரிண்ட் அறைக்குள் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் கீழே இறங்கிப்போய் அவளுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன சுலபமாக நம்பிவிட்டாள், அசடு, என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

இரண்டு மாதம் கழித்து அங்கே பூமி பூஜை. ஆபீஸ் முழுக்க வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜுலைகா தலைவலி என்று வரவில்லை. நான் போனேன். அம்மாவிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னேன், அவளும் சரி என்றாள்.

ஏழுமலைதான் காட்டினார். நாற்பத்தேழாம் மனையில் ஆப்படித்துப் பிளந்த கல் துண்டு துண்டாகக் கிடந்தது. ஓரமெல்லாம் வரிசையாக உளித்துளைகள். வேலிக்கால் நடவும் அஸ்திவாரத்துக்கும் ஆகும் என்று அளவாக வெட்டியிருந்தார்கள். ஒரு துண்டில் மட்டும் பாசித்திட்டு இருந்தது. அதன் மேல் கையை வைத்தேன். கொதித்தது. அடியில் தடவிப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அவள் சொன்னது சரிதான். முதல் தடவையாக வயிறு எரியவில்லை.

"நின்னுக்கினு இருந்தப்போ பாத்திருக்கணும் மேடம்" என்றார் ஏழுமலை. "இப்போ இன்னா கீது, பாக்க?" சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். தொன்னையை வேனில் வைத்துவிட்டேன், சாப்பிடவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. சார் ஆபீஸை மூடினார். ஜுலைகா கல்யாணம் ஆகி கே.கே. நகர் போனாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. புது வீடு, புது ஸ்கூட்டர், கண்ணு தெரியவில்லை என்று நான் அம்மாவிடம் பொருமினேன். பிறகு ஒருநாள் அவளாகவே தேங்காய் போளியோடு வந்தாள். அதிலிருந்து விட்டதில்லை. பெருநாளைக்குப் போளி வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும்.

தலைச்சாயம் காய்வதற்குள் இவ்வளவும் வந்துவிட்டது. அப்படியே சாயத் தலையோடு ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். கொலுப்பெட்டிக்குப் பின்னால் அந்தச் சுருள் இருந்தது. பிரிக்கும்போது ஓரங்கள் உதிர்ந்தன. சாலைகள் போயின, மனைகள் போயின. நடுவில் கை அகலத்துக்குத் தாள் தங்கியது. அதில் மூக்கும் பாசியுமாகக் கல் நின்றது. மேல் கட்டம் என்ன ஆயிற்று என்று தேடினேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது உதிர்ந்துபோயிருந்தது.

படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். கீழே, "இதை எடுத்தது நான்தான். கல் போனது என்னால்தான்" என்று எழுதினேன். பொறாமையில் செய்தேன் என்றும் எழுதினேன். அந்த வார்த்தையை மூன்று தடவை அழித்து அழித்து எழுதவேண்டியிருந்தது.

பதில் சனிக்கிழமை காலை வந்தது. மாட வீதியில் காபிப்பொடிக் கடையில், என் அரைக்கிலோ அரைபட்டுக்கொண்டிருந்தபோது.

"தெரியும்டி. லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே பார்த்தேன். ரெண்டு கட்டத்துலயும் உன் இனிஷியல்தானே இருந்துச்சு. எப்பவும் கோணலா போடுவே, அன்னிக்கு என்ன அழகு."

அடுத்தது: "சார்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே உன்னை வேலையைவிட்டு அனுப்பிச்சிருப்பார். கல்லும் போய் நீயும் போய்ட்டா, எதிர் போர்டுல நான் யாரைப் பார்க்கிறது? அதான் அந்த ஆளு மேல பழியைப் போட்டேன்."

அடுத்தது: "கோவம் இல்லாம இல்ல. ரெண்டு வருஷம் உன்கிட்ட பேசலை. நீ அதைக்கூட கவனிச்சிருக்க மாட்டே."

கடைப்பையன் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே நின்றான். எனக்குப் பின்னால் இருந்தவர், "அம்மா, நகருங்கோ" என்றார். நகர்ந்தேன். இதிலும் அவள்தான் மேல் கட்டம், நான் கீழ்க் கட்டம். இத்தனை வருஷம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் எப்படி இருந்தாள்? என்னால் ஒரு வாரம் இருந்திருக்க முடியுமா? தெருவில் நின்றபடி அதற்கும் பொறாமைப்பட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுற்றிலும் காபி வாசனைதான், அமோனியா என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

கடைசியாக ஒன்று வந்தது: "மாசக் கடைசில வர்றேன். ஒருதரம் அந்த இடத்துக்குப் போய்ட்டு வரலாம். இந்தத் தடவையாச்சும் உங்கம்மாகிட்ட கேளு. அக்கா நிக்காஹ்ல அவங்ககிட்ட, ஏன் இவளை சைட்டுக்கு விடலைன்னு கேட்டேன். எங்கிட்ட அவ கேக்கவே இல்லையேன்னு சிரிச்சாங்க."

அந்த லே-அவுட்டில் இப்போது அடுக்குமாடிகள். நாற்பத்தேழாம் மனை எது என்று யாருக்கும் தெரியாது. பூங்கா மூலையில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறதாம். எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் நகைக்கடையின் குடோன். பெயர் வெட்டும் மெஷின் இல்லை, பிரிண்ட் அறை இல்லை, அந்தக் கட்டங்களை இப்போது கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்கிறது. எஞ்சினியர் சார் இல்லை. ஏழுமலையும் போய்விட்டார் என்று கேள்வி. இங்கிலாந்தில் அந்தக் கற்களைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் கிட்டே போகாமல் வைத்திருக்கிறார்களாம். நம் கல்லுக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. அதைப் போடும் பேனா என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு எண்பத்திநாலு. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஜுலைகாவோட தாம்பரம் தாண்டி ஒரு எடத்துக்குப் போகட்டுமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "போயேண்டி. நான் எப்போ உன்னைப் போகாதேன்னேன்? வெயிலா இருக்கும், குடையை எடுத்துண்டு போ."

குடையை எடுத்து வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அங்கே போய்ப் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.